இதயத்துக்கும் மூளைக்கும் இடையே ஓர் அடி

(மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போர் விமானம், விண்வெளி என்றெல்லாம் அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நான் தொடங்கப்போவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து. முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். மீதி எல்லாம் அதிலிருந்துதான் வரப்போகிறது.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயத்துக்கும் மூளைக்கும் இடையே ஏறக்குறைய ஓர் அடி உயரம், அதாவது 30 சென்டிமீட்டர். இதயம் இரத்தத்தை அந்த ஓர் அடி மேலே ஏற்றியாக வேண்டும். இதய மட்டத்தில் தமனிகளின் சராசரி அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்று வைத்துக்கொண்டால், ஏறும் வழியிலேயே 22 செலவாகிவிடும். தலைக்குப் போய்ச் சேருவது 78. இது பூமியின் சாதாரண ஈர்ப்பில், ஒரு ஜி-யில். மாடி வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான்: கீழ்த்தளத்தில் பீய்ச்சியடிக்கும் தண்ணீர் மேல்மாடிக் குழாயில் நூலாக விழும்.

இப்போது அந்த நாற்காலியை ஒரு போர் விமானத்துக்குள் போடுங்கள். வேகமாகப் போகிற விமானம் சட்டென்று வளைந்து திரும்புகிறது. விமானியின் உடம்பு நேராகவே போகப் பார்க்கும். இருக்கை அதை வளைவின் உள்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத்தான் அவர் கனமாக உணர்கிறார். 9 ஜி வளைவு என்றால் 60 கிலோ ஆளின் எடை 540 கிலோ. தலையும் தலைக்கவசமும் சேர்ந்தே ஐம்பது கிலோவைத் தாண்டும். இரத்தம் என்ன ஆகும்? தண்ணீரைவிடக் கொஞ்சமே கனமான அந்தத் திரவம், தரையில் இருக்கும் இரும்பைவிடக் கனமாகிவிடும். அதே இதயம், அதே ஓர் அடி. ஆனால் ஒவ்வொரு ஜி-க்கும் 22 வீதம் கழித்துக்கொண்டே வர வேண்டும். நாலரை ஜி-யில் கையிருப்பு 100-ம் தீர்ந்துபோகும். தலையில் அழுத்தம் சுழியம்.

இது காகிதக் கணக்கு. மனிதரை வைத்துப் பார்த்தால் என்ன வருகிறது? நீண்ட இரும்புக் கை, அதன் முனையில் ஒரு கூண்டு, நடுவில் பெரிய மோட்டார். கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்துச் சுழற்றுவார்கள். சென்ட்ரிஃபியூஜ் என்கிற இந்த எந்திரத்தில், அமெரிக்கக் கடற்படை ஆயிரம் பேரைச் சுழற்றி 1954-இல் முடிவுகளை வெளியிட்டது. உடம்பைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சராசரியாக 4.1 ஜி-யில் பார்வையின் ஓரங்கள் மங்கின. 4.7-இல் பார்வை முழுக்கப் போனது. 5.4-இல் நினைவு தப்பியது.

இந்த மூன்று எண்களிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 4.7-க்கும் 5.4-க்கும் இடையில் இருப்பவர் எதையும் பார்க்க முடியாத நிலையில் இருக்கிறார்; ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறார். கண் போய்விட்டது, மூளை போகவில்லை. இரண்டும் ஒரே உயரத்தில்தானே இருக்கின்றன?

இந்தக் கேள்வியை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீர்த்துவைத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வேலை செய்த எட்வர்ட் லாம்பர்ட். மருத்துவ மாணவர்கள் லாம்பர்ட்-ஈட்டன் நோய்க்குறி என்று மனப்பாடம் செய்வீர்களே, அதே லாம்பர்ட்தான். கண்விழிக்குள் எப்போதும் 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஓர் உள்ளழுத்தம் இருக்கிறது. விழித்திரைக்குள் நுழைய வேண்டிய இரத்தம் அந்த அழுத்தத்தை வென்றாக வேண்டும். தமனியின் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் கதவு அடைத்துக்கொள்ளும். லாம்பர்ட் காற்றுப் புகாத கண்ணாடி ஒன்றைச் சோதனைக்கு உட்பட்டவரின் கண்மேல் பொருத்தி, அதற்குள்ளிருந்த காற்றை உறிஞ்சினார். கண்ணைச் சுற்றி அழுத்தம் குறைந்தது; அதே ஜி-யில் பார்வை திரும்பி வந்தது. மூளையைத் தொடவில்லை, இதயத்தைத் தொடவில்லை. இவ்வளவு எளிமையான கருவியால் இவ்வளவு தெளிவான விடையை வரவழைத்த சோதனைகள் உடலியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

மூளை சற்றே தாக்குப்பிடிப்பதற்கு மண்டையோடு காரணம். மூளை ஒரு மூடிய எலும்புப் பெட்டிக்குள், திரவத்தில் மிதக்கிறது. ஜி ஏறும்போது தமனியின் அழுத்தம் குறைவதைப் போலவே அந்தத் திரவத்தின் அழுத்தமும் சிரைகளின் அழுத்தமும் சேர்ந்து குறைகின்றன. வெளியிலிருந்து அமுக்குவது குறைந்துபோவதால் உள்ளே இருக்கிற நாளங்கள் உடனே நசுங்கிவிடுவதில்லை. கீழே கனத்து இறங்கும் சிரை இரத்தம் மேலிருந்து கொஞ்சம் இழுத்தும் கொடுக்கிறது. இதனால் மூளைக்குக் கிடைப்பது ஒரு சின்னச் சலுகை, அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். மூளை நம் எடையில் 2 விழுக்காடு. உடம்பு வாங்கும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அதுவே தின்கிறது. சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 1943-இல் ரோசன், கபாட், ஆண்டர்சன் என்ற மூவர் இளைஞர்களின் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி, சட்டென்று காற்றடைத்து, மூளைக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சராசரியாக ஏழு வினாடிக்குள் நினைவு தப்பியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்த எண் இன்றுவரை பயன்படுகிறது.

இந்த ஏழு வினாடி சூட்சுமம் புரிந்தால், பழைய விமானங்களைவிடப் புதிய விமானங்கள் ஏன் ஆபத்தானவை என்பது புரியும். ஜேம்ஸ் டூலிட்டில் என்ற அமெரிக்க விமானி 1924-இல் எம்.ஐ.டி.யில் எழுதிய முதுகலை ஆய்வேட்டுக்காகத் தன்னையே சோதனைப் பொருளாக்கி, வளைவுகளில் ஜி-யை அளந்தார். அந்தக் கால விமானங்களைப் போல ஜி மெல்ல ஏறும் வளைவில் முதலில் பார்வை மங்கும்; அது ஓர் எச்சரிக்கை மணி. விமானி பிடியைத் தளர்த்திக்கொள்ளலாம். எஃப்-16 போன்ற விமானங்களோ கணினி உதவியுடன் ஓரிரு வினாடிக்குள் 9 ஜி-க்குப் போய்விடும். கண்ணும் மூளையும் கையிருப்பு ஆக்சிஜனில் சில வினாடி ஓடும். அது தீரும்போது இரண்டும் ஒன்றாக அணையும். மணி அடிப்பதே இல்லை.

ஜேம்ஸ் வின்னரி என்ற ஆய்வாளர் சென்ட்ரிஃபியூஜில் நிகழ்ந்த ஐந்நூறு மயக்கங்களைத் தொகுத்து 1990-இல் எழுதினார். சராசரியாகப் பன்னிரண்டு வினாடி முழு மயக்கம்; கண் விழித்த பிறகும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குழப்பம், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத நிலை. பாதிக்கு மேற்பட்டோருக்குக் கைகால் வெட்டி இழுத்தது. சிலருக்குக் குட்டிக் கனவுகள் வந்தன. சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியதாகச் சொல்பவர்களின் அனுபவங்களோடு இந்தக் கனவுகளை வின்னரி ஒப்பிட்டும் எழுதியிருக்கிறார். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் 24 வினாடியில் ஆறு கிலோமீட்டர் தாண்டிவிடும். இதைவிட எனக்கு அச்சமூட்டுவது வேறொன்று: மயங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தாங்கள் மயங்கவே இல்லை என்று சாதித்தார்கள். காணொளியைப் போட்டுக் காட்டினால்தான் நம்பினார்கள். தரையில் சுழற்றிப் பழக்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உடம்பு சும்மா இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்காது. கழுத்துத் தமனியின் கவட்டில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கியதும் அவை தகவல் அனுப்பும். இதயத் துடிப்பு கூடும், கைகால் நாளங்கள் இறுகும். மூளைக்கென்று தனியாக இன்னொரு ஏற்பாடும் உண்டு. சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 150 வரை எங்கே இருந்தாலும் மூளையின் சிறு தமனிகள் தாமே விரிந்தும் சுருங்கியும் இரத்த ஓட்டத்தை நிலையாக வைத்திருக்கும். டென்மார்க்கின் நீல்ஸ் லாஸன் 1959-இல் விளக்கிய இந்தத் தன்னொழுங்கு இல்லையென்றால், படுக்கையிலிருந்து எழும் ஒவ்வொரு காலையும் நமக்குக் கண்டம்தான். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. முதல் ஏற்பாடு முழுமையாக வேலைக்கு வர ஆறு முதல் பத்து வினாடி ஆகும். இரண்டாவதற்கும் சில வினாடிகள் வேண்டும். மூளையின் கையிருப்போ அதற்குள் தீர்ந்துவிடும். இயற்கை அனுப்பும் உதவி வருகிறது, ஆனால் ஆள் விழுந்த பிறகு வருகிறது.

அந்த இடைவெளியை அடைப்பதுதான் உயர் ஜி பயிற்சி. இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "மூளையைப் பலப்படுத்தும் பயிற்சி" என்று பத்திரிகைகளில் இதைப் பற்றி எழுதுவதைப் பார்க்கிறேன். மூளை பலப்படுவதில்லை. ஆயிரம் முறை சுழன்றவரின் மூளையும் இரத்தம் நின்ற சில வினாடியில் அணையும், முதல் முறை உட்கார்ந்தவரின் மூளையைப் போலவே. பழக்கப்படுவதெல்லாம் கழுத்துக்குக் கீழே: காலும் தொடையும் வயிறும் மூச்சும். அதோடு, எப்போது தொடங்க வேண்டும் என்கிற நேர உணர்வும்.

என்ன செய்கிறார்கள்? வளைவு தொடங்குவதற்கு முன்பே கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு என்று தசைகளை இறுக்கிக்கொள்ள வேண்டும். கீழே தேங்கப்போகும் இரத்தத்துக்கு இடமில்லாமல் செய்வது அதன் நோக்கம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குரல்வளையை மூடி, முக்க வேண்டும். நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தம் அப்படியே தமனி வழியாகத் தலைக்குப் போகும். ஆனால் அதே அழுத்தம் கீழிருந்து இதயத்துக்குத் திரும்பும் சிரை இரத்தத்தையும் தடுக்கும். முக்கிக்கொண்டே இருந்தால் இதயத்துக்கு அனுப்ப இரத்தம் இருக்காது. அதனால் மூன்று வினாடிக்கு ஒரு முறை, ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில், கொஞ்சம் காற்றை விட்டு வாங்க வேண்டும். அந்தக் கணத்தில் தலையின் அழுத்தம் சரேலென்று இறங்கும். மூச்சை நிதானமாக விட்டவர் அங்கேயே மயங்குவார். பேசினாலும் அப்படித்தான், காற்று கரைந்துவிடும். நம் சினிமாவில் கதாநாயகன் தலைகீழ் வளைவின் நடுவே நீளமாக வசனம் பேசுவான். அவன் பேசி முடிப்பதற்குள் படம் முடிந்துவிட வேண்டும்.

இதைச் சரியாகச் செய்தால் மூன்று ஜி வரை கூடுதலாகத் தாங்கலாம். ஜி-உடை என்கிற, காலையும் வயிற்றையும் காற்றடைத்து இறுக்கும் கால்சட்டை, இன்னும் ஒன்று அல்லது ஒன்றரை ஜி தரும். அந்த உடையின் முன்னோடி டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வில்பர் ஃபிராங்க்ஸ். தண்ணீர் நிரப்பிய ஆணுறைக்குள் எலிகளை வைத்துச் சுழற்றிப் பார்த்து, பிறகு மனிதருக்குத் தண்ணீர் அடைத்த உடையைத் தைத்தார். அவருக்குத் துணை நின்றவர் இன்சுலின் புகழ் ஃபிரெடரிக் பான்டிங். உடை 1942-இல் போர்க்களத்துக்குப் போனது. அதைப் பார்க்க பான்டிங் இல்லை. 1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார்.

இவ்வளவும் சேர்ந்தால் பல விமானப்படைகளின் பயிற்சி அளவான 9 ஜி, 15 வினாடி கைக்கு எட்டுகிறது. நம் நாட்டில் இந்தப் பயிற்சி பெங்களூரில், 1957-இல் தொடங்கிய விமானப்படையின் விமான, விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் நடக்கிறது. சுழன்று இறங்குபவர்களின் கைகாலில் அம்மை போட்டது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். நுண்ணிய நாளங்கள் கசிந்த தடம். சில நாளில் மறையும். கழுத்து வலி அவ்வளவு சுலபமாக விடாது.

சரி, உள்ளே மூளைக்கு இரத்தம் போகிறதா என்று எப்படித் தெரியும்? நார்வேயின் ரூனே ஆஸ்லிட் 1982-இல் கண்டறிந்த முறைப்படி, நெற்றிப் பொட்டின் மெல்லிய எலும்பு வழியாக மீயொலியைச் செலுத்தி, நடு மூளைத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தைக் கேட்கலாம். அது வேகத்தைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. இன்னொரு வழி, நெற்றியின் மேல் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பாய்ச்சித் திசுவின் ஆக்சிஜனை அளப்பது. இந்தக் கருவிகளை மாட்டிச் சுழற்றும்போது, நுட்பம் சரியாக இருப்பவரின் கோடு ஓரளவு தாங்கி நிற்கிறது. மூச்சு மாற்றத்தில் பிழை செய்பவரின் கோடு ஒவ்வொரு பிழைக்கும் பள்ளம் காட்டுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு எதிரி இருக்கிறான்: பதற்றம். பயந்தவர் வேக வேகமாக மூச்சு வாங்குவார். இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் தமனிகள் சுருங்கும். கரியமில வாயுவின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் மூளையின் இரத்த ஓட்டம் மூன்று, நான்கு விழுக்காடு குறையும் என்பது பாடநூல் கணக்கு. ஆக, இரத்தம் ஏறச் சிரமப்படும் அதே நேரத்தில் ஆள் தானே குழாயை இறுக்கிக்கொள்கிறார். பயிற்சி பெற்றவர் பதறுவதில்லை. பதறாததாலேயே அவருடைய மூளைக்குக் கூடுதலாக இரத்தம் போகிறது. மனத்தைப் பழக்குவதற்கும் உடம்பைப் பழக்குவதற்கும் நடுவே கோடு போட முடியாத இடம் இது.

ஜி-யைத் தாங்க எடை தூக்கும் உடற்பயிற்சி உதவுகிறது. நெடுந்தூர ஓட்டத்தை அளவுக்கு மீறிச் செய்தவர்களின் இதயம் நிதானமாகத் துடித்துப் பழகியிருக்கும். ஜி-யில் அது குறையாகக்கூட முடியலாம். சில வாரம் பறக்காமல் இருந்தால் பெற்ற தாங்குதிறனும் இறங்கிவிடும். அதோடு விமானத்தைக் கீழே அமுக்கி எடையற்ற நிலைக்குப் போய், உடனே மேலே இழுத்தால், நன்றாகப் பழகியவரும் வழக்கத்தைவிடக் குறைந்த ஜி-யிலேயே மயங்கக்கூடும். தலைக்கு இரத்தம் ஏறிய அந்தச் சில வினாடியில் இதயம் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும், நாளங்கள் தளர்ந்திருக்கும்.

9 ஜி-யில் மூளைக்கு இரத்தம் போக, இதய மட்டத்தில் சராசரி அழுத்தமே 200-க்கு மேல் வேண்டும் என்று மாணவர்கள் இப்போது கணக்குப் போட்டிருப்பீர்கள். அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் ஒரு விலங்கு இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி. இதயத்துக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் தலை; இரத்த அழுத்தம் நம்மைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் கால் வீங்காமல் இருக்க, காலின் தோலும் தசையுறையும் இறுக்கமாகப் போர்த்தியிருக்கின்றன, பிறவியிலேயே மாட்டிய ஜி-உடை. நாசாவின் ஆலன் ஹார்ஜென்ஸ் குழுவினர் இதை அளந்து 1987-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

விண்வெளி வீரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஏவப்படும்போது மல்லாந்து படுத்திருப்பார்கள். விசை நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போகிறது; இதயமும் மூளையும் ஏறக்குறைய ஒரே மட்டம். மூளைக்கு ஆபத்து குறைவு, மூச்சு விடுவதுதான் கஷ்டம். 1984-இல் பறந்த ராகேஷ் சர்மாவுக்கும், ககன்யானுக்காக ரஷ்யாவில் பயின்ற நால்வருக்கும் (அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்) சென்ட்ரிஃபியூஜ் கட்டாயப் பாடம். ஆனால் அவர்களுக்கு மூளையின் சோதனை திரும்பி வந்த பிறகே தொடங்குகிறது: எடையற்ற நிலையில் இரத்தத்தின் அளவே குறைந்துபோன உடம்பு, பூமியின் வெறும் ஒரு ஜி-யில் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடும்.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும் அதே சிக்கல் உண்டு. எழுந்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்பீர்கள். விமானிக்கு நேர்வதன் சின்ன வடிவம் அது. எழுவதற்கு முன் கெண்டைக்கால், தொடைகளை இறுக்கித் தளர்த்துவதும், நின்ற பிறகு காலைப் பின்னிக்கொண்டு தசைகளை இறுக்குவதும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் வழிகள். மூச்சடக்கி முக்குவதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள்; இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது வினையாகும்.

கடைசியாக, பயிற்சியின் எல்லை. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய ஸ்டூக்கா விமானத்திலேயே, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட்டதும் தானாக மேலெழும்பும் ஏற்பாடு இருந்தது. அந்த நேரத்தில் விமானிக்குக் கண் தெரியாது என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். இன்றைய எஃப்-16-இல், தரையில் மோதப்போவதைக் கணினி கண்டுகொண்டால் விமானியைக் கேட்காமலே விமானத்தைத் திருப்பும். 2016-இல் அரிசோனாவில் ஒரு பயிற்சி விமானி 8.3 ஜி வளைவில் மயங்கினார். விமானம் தலைகீழாய்ப் பாய்ந்தது. பயிற்றுநர் வானொலியில் கத்திக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை. கணினி விமானத்தைத் தூக்கி நிறுத்தியது. இந்தக் கருவி வந்துவிட்டதே, இனி சென்ட்ரிஃபியூஜ் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கருவி விமானத்தைத் தரையிலிருந்து காப்பாற்றும். பின்னால் துரத்தி வரும் எதிரியிடமிருந்து காப்பாற்றாது. அந்த 24 வினாடிக்கு விமானிதான் விழித்திருக்க வேண்டும். உங்கள் கேள்விகளைத் தாளில் எழுதி முன்னால் அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.